சங்கு ஊதினால் பேசிய குரல்

“ஆன்ட்டி, நீங்க எத்தினி பேய் ஓட்டிக்கிறீங்க?”

வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்கு வந்த பிறகு நான் போகும் சபையில், வாலிபப் பெண்கள் சிலர் ஆராதனை முடிந்ததும் இப்படிக் கேட்டார்கள். ஒருத்தி கையில் கைபேசி. அதில் யாரோ ஒரு போதகர் மேடையில் ஒரு பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். அவள் சரிந்து விழுகிறாள். கூட்டம் கை தட்டுகிறது. இந்த மாதிரி நீங்களும் செய்திருப்பீர்களே என்ற ஆசையோடு என் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஒண்ணுகூட இல்லம்மா” என்றேன்.

அவர்கள் முகம் விழுந்துவிட்டது. “அப்ப இத்தினி வருசம் ஊழியத்துல இன்னாதான் செஞ்சீங்க?” என்றாள் கைபேசிக்காரி. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் சபையின் பெண் ஊழியர். மக்கள் வைத்த பெயர் பைபிள் அம்மா. ஆயர் பிரசங்கம் செய்வார், ஞானஸ்நானம் கொடுப்பார், அடக்கம் செய்வார். பைபிள் அம்மாவின் வேலை வீடு வீடாகப் போவது, ஆயரிடம் பெண்கள் சொல்லாததைக் கேட்பது. பயிற்சிப் பள்ளியில் வேதமும் ஆர்மோனியமும் கொஞ்சம் தையலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்போது எழுந்து வருவது என்பது அங்கே பாடத்தில் இல்லை. அதை மீஞ்சூரிலும் பிறகு கும்மிடிப்பூண்டியிலும் ஆயர் ஞானராஜ் ஐயா பின்னால் நடந்துதான் கற்றேன்.

ஐயா நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். மைக் இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குப் பிரசங்கம் கேட்காது. “பேய் பிடிச்சுக்கிது, ஓடியாங்க” என்று ஆள் வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார்.

அந்த வீட்டில் அவர் செய்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்புவார். அந்தப் பெண்ணின் கூந்தலை யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். “முதல்ல அந்த முடியை விடுங்க” என்பார். தரையில் உட்காருவார். அவள் கட்டிலில் இருந்தால் அவர் தலை அவள் முகத்துக்குக் கீழே இருக்கும். தண்ணீர் கேட்பார், வந்ததும் அவளிடம் கொடுப்பார். பிறகு வீட்டாரிடம் கேட்பார். சாப்பிட்டாளா? தூங்கினாளா? யாராவது அடிக்கிறீர்களா? பதில் வரும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் ஜெபம், அதுவும் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“இன்னும் சத்தமா ஜெபிக்கலாமே ஐயா” என்று ஒரு தடவை ஒரு வீட்டுக்காரர் கேட்டார்.

“பிசாசுக்கு ஒண்ணும் காது மந்தம் இல்ல. இந்தப் பிள்ளைக்குத்தான் பயமா இருக்கு” என்றார் ஐயா.

இன்னொன்று. பேய் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “உன் பேர் இன்னா? எங்கிருந்து வந்தே?” என்பதைத்தான். ஐயா ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. “பேர் கேட்கணும்னா அந்தப் பெண்ணோட பேரைக் கேளுங்கம்மா” என்பார் என்னிடம். “எல்லாரும் அதைத்தான் மறந்துபோயிருப்பாங்க.”

செவ்வாப்பேட்டையில் கல்யாணமாகி வந்த ஒரு பெண் உருண்டு புரண்டு கத்துகிறாள் என்று போனோம். சாப்பிட்டாளா என்று கேட்டபோது மாமியார் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேய் இறங்கட்டும் என்று பட்டினி போட்டிருந்தார்கள். ஐயா ஜெபத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கஞ்சி வைக்கச் சொன்னார். நான் ஊட்டினேன். பாதிக் கஞ்சியிலேயே என் மடியில் தூங்கிவிட்டாள். இப்படியும் போயிருக்கிறோம். எங்களுக்கு ஒன்றுமே விளங்காமல், மாதக்கணக்கில் ஜெபித்து, மெள்ள அமைதி வந்த வீடுகளுக்கும் போயிருக்கிறோம். பிசாசு இல்லை என்று ஐயா சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். அவன் எப்படி வருவான் என்பதுதான் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அதை எனக்குக் காட்டியது சுகந்தியின் வீடு.

சுகந்தியின் புருஷன் பிரபு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை செய்தவன். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி உருளைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு வரும்போது இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குக் கொடுக்கிற வேலை. சில சமயம் கம்பி பாதை தவறித் துள்ளும். துள்ளுகிற கணத்தில் விலகத் தெரியவேண்டும். பிரபுவுக்குத் தெரியும். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன், விட்டுவிட்டான். விட்டதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னவன். அன்று மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசினான். சபையே சிரித்தது, அவனும் சிரித்தான்.

ஒருநாள் கம்பி துள்ளியது, அவன் விலகவில்லை.

அடக்கத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பிரபு அன்று குடித்துவிட்டு வேலைக்கு வந்தானாம். சொன்னவர் ஆபிரகாம் மேஸ்திரி. அந்த மில்லுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர், எங்கள் சபைக் கமிட்டியில் மூத்தவர். சபையில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்தவர். அதே மில்லில் லாரி எடை போடும் எடைமேடையில் இருந்த என் வீட்டுக்காரர் தானியேலுக்கும் அவர் வாங்கிக் கொடுத்த வேலைதான். கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் அவர் வண்டிதான் வாசலில் நிற்கும். ஆகவே அவர் சொன்னதை எல்லாரும் நம்பினோம்.

பிரபுவின் அம்மா அன்னம்மா அக்கா கல்லறையில் அழவில்லை. சாட்சி சொன்ன பிள்ளை இப்படிச் செத்தானே என்ற அவமானம். மகனின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் சுகந்தி வேறு குரலில் பேச ஆரம்பித்தாள். பிற்பகலில் முதல் ஷிப்ட் முடிந்து மில்லில் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருவாள். குரல் தடித்துவிடும். “ஊட்டுக்கு அனுப்பு. நிக்க முடில. என்னை ஊட்டுக்கு அனுப்பு.” அப்படியே பிரபுவின் குரல்.

குடிகாரப் பேய் இறங்கியிருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. அன்னம்மா அக்கா அவளை எங்கெங்கோ அழைத்துப் போனாள். ஓரிடத்தில் வேப்பிலை, இன்னோரிடத்தில் துடைப்பம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கன்னத்தில் அறைந்தாராம். எங்களிடம் கொண்டு வந்தபோது சுகந்தியின் தோளெல்லாம் தழும்பு.

ஐயா வந்து பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், கேட்கவேண்டியதைக் கேட்டார், மெதுவாக ஜெபித்தார். வெளியே வந்ததும், “ஆஸ்பத்திரிக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா நீங்க தினமும் வந்து சும்மா இந்தப் பிள்ளைகூட உட்காருங்கம்மா. ஒண்ணும் கேட்கவேண்டாம்” என்றார்.

போனேன். சங்கு ஊதுவதற்கு முன்பே போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். வெங்காயம் உரிப்போம், துணி மடிப்போம். சங்கு ஊதும். அந்தக் குரல் வரும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு “சுகந்தி, நான் இங்கதான் கீறேன்” என்று மட்டும் சொல்வேன். குரல் அடங்கியதும் களைத்துப் படுத்துக்கொள்வாள். இப்படிப் பல நாள் போனது.

ஒருநாள் சங்குக்கு முன்னால், தன் சொந்தக் குரலில், துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு எனக்கு போன் பண்ணாரும்மா.”

நான் மடித்துக்கொண்டே இருந்தேன்.

“ராவு ஷிப்ட் முடிச்சவரை வீட்டுக்கு உடல. ஆளு வரலே, மத்தியானம் சங்கு ஊதற வரைக்கும் இந்த ஷிப்டும் நில்லுன்னு மேஸ்திரி அண்ணன் சொல்லிட்டாராம். ‘கண்ணு சொருகுது சுகந்தி, நிக்க முடில, ஊட்டுக்கு அனுப்புன்னா அனுப்ப மாட்டேங்கிறாரு’ன்னாரு. குடிச்சிருந்தா எனக்குத் தெரியாதாம்மா? எத்தினி வருசம் குடிச்ச மனுசனோட குடித்தனம் பண்ணிக்கிறேன்.”

“இத யாராண்டயாவது சொன்னியா கண்ணு?”

“மேஸ்திரி அண்ணனாண்ட சொன்னேன். ‘வெளிய சொல்லாதம்மா, மத்த பசங்க வேலயும் பூடும்’னாரு. அத்தையாண்ட சொன்னேன். ‘புருசன் பேரைக் காப்பாத்தப் பொய் சொல்றியா’ன்னு கேட்டுது.” மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அந்தக் குரல் சொன்னதெல்லாம் அவன் போனில் சொன்ன வார்த்தைகள்தான். சுகந்தியாகச் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை.

ஐயாவிடம் சொன்னேன். “முதல்ல ஆபிரகாமைத் தனியாப் பாருங்க. கூட்டத்துல கேட்காதீங்க. அவரும் நம்ம ஆட்டுக்குட்டிதான்” என்றார்.

மறுநாள் காலை மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, நாஷ்டா துன்லாம்.”

“ஆச்சுண்ணே. சுகந்தி விசயமா வந்தேன்.”

“அந்தப் பொண்ண நெனச்சா எனக்குந்தாம்மா தூக்கம் இல்ல. சபையிலயே வெச்சு ஒரு விசேஷ ஜெபம் பண்ணி, அந்தப் பேயை அனுப்பிடலாம். கமிட்டில பேசிக்கினு கீறேன்.”

“அன்னிக்குப் பிரபு குடிச்சிருந்தானாண்ணே?”

இட்லியைப் பிட்ட கை நின்றது. “யாரு கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நீங்கதான சொன்னீங்க குடிச்சான்னு, அத்தொட்டு உங்களாண்டயே கேக்குறேன்.”

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார். கடைசியில், “குடிக்கல” என்றார். சட்னியிடம் சொல்வதுபோல இருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “இப்ப இன்னா பண்ணச் சொல்ற? தூங்காதவனை நிக்க வெச்சேன்னு தெரிஞ்சா மில்லுக்காரன் காண்ட்ராக்டைப் புடுங்கிடுவான். என்னை நம்பி எத்தினி குடும்பம் கீது? உன் ஊட்டுக்காரரு உட்பட. செத்தவன் திரும்பியா வரப்போறான்? ஒரு ஜெபம் பண்ணிட்டா அந்தப் பொண்ணும் தெளிஞ்சிடும், ஊரும் மறந்துடும்.”

“உங்களைக் காட்டிக்கொடுக்க நான் வரலேண்ணே. அதைச் சொல்லவேண்டியது நீங்க. ஆனா பிரபு குடிகாரப் பேயா வந்துட்டான்னு கர்த்தருக்கு முன்னால என் வாயால ஜெபிக்க மாட்டேன்.”

அவர் கை கழுவப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. நான் எழுந்து வந்தேன்.

அந்த வாரம்தான் என் வாழ்க்கையில் நான் சோதிக்கப்பட்ட வாரம். கொம்பும் பல்லுமாக ஒன்றும் வரவில்லை. என் குரலிலேயே, ரொம்ப நியாயமாகப் பேசிக்கொண்டு வந்தது. ஒரு ஜெபம்தானே? சுகந்திக்கு அமைதி கிடைத்தால் நல்லதுதானே? சபை உடையவேண்டுமா? தானியேலுக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்? நீ என்ன பெரிய நீதிபதியா, தாழ்மை வேண்டாமா? அடுப்படியில், பேருந்தில், முழங்காலில் நிற்கும்போதுகூட வந்தது. ஒரு வரியும் கெட்ட வார்த்தை இல்லை. எல்லாம் சேர்ந்து என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மட்டும் பொய்.

“இன்னா, யோசிச்சிக்கினே கீற?” என்றார் தானியேல். சொன்னேன். தட்டில் கை வைத்தபடி கேட்டுவிட்டு, “வேல போனா இன்னொரு வேல. நீ பொய்யா ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்து சோறு போட்டா அது எனக்கு எறங்குமா?” என்றார். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் பைபிள் அம்மா பேசுகிற வழக்கம் இல்லை. அன்று எழுந்து நின்றேன். “சுகந்தியைப் பிடிச்சிருக்கிறது பேய் இல்லை. பேய்ன்னு சொல்லி நான் ஜெபிக்க மாட்டேன்” என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. பெரிய சத்தம் எழுந்தது. விசுவாசம் இல்லாதவள் என்றார்கள். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றார்கள். மேஸ்திரி மட்டும் வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஐயா, “ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜெபம் வைப்போம். எப்படி ஜெபிப்பதுன்னு நாங்க பார்த்துக்கிறோம்” என்று முடித்தார். பிற்பகல்தான் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தது கமிட்டி. சங்கு ஊதும் நேரம் அது.

ஞாயிறன்று ஆலயத்தின் பின்னறையில் நான் கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஐயா பார்த்தார். “போராட்டம்னா பாய்ஞ்சு போய் அடிக்கிறதுன்னு நினைக்கிறோம். வேதத்துல நமக்குச் சொல்லியிருக்கிறது நிக்கிறதுதாம்மா. நின்னா போதும்” என்றார்.

ஆலயம் நிரம்பி, வெளியூர் ஆட்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஐயா அவற்றைக் கீழே இறக்கச் சொன்னார், இறங்கும்வரை பேசாமல் நின்றார். சுகந்தியை முன்னால் பாயில் உட்காரவைத்து, நான் எதிரில் உட்கார்ந்தேன்.

சங்கு ஊதியது. அவள் நிமிர்ந்தாள். “ஊட்டுக்கு அனுப்பு” என்றது குரல். ஆலயம் முழுக்க “ஏசுவே” என்ற முனகல்.

“உன் பேர் இன்னா கண்ணு?” என்றேன்.

“பிரபு. நிக்க முடில.”

“பிரபு கர்த்தர்கிட்ட கீறான். அவன் நல்லா தூங்குறான். உன் பேரைச் சொல்லு.”

அவள் உதடு ஆடியது. சத்தம் வரவில்லை. நான் அவள் கையை விடவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. யாரோ இருமினார்கள். ஐயா என் பின்னால் நிற்பது தெரிந்தது.

“சுகந்தி” என்றாள். அவள் குரல்தான், கம்மிப்போய்.

“சுகந்தி, உனக்கு இன்னா தெரியுமோ அதைச் சொல்லு. நாங்க கேக்குறோம்.”

சொன்னாள். போன் வந்ததை, அவன் சொன்னதை, யார் நிற்கச் சொன்னார் என்பதை. அழுதுகொண்டே, ஆனால் ஒரு வார்த்தையும் விடாமல். முடித்ததும், “அவரு குடிக்கல. சாட்சி சொன்ன மாதிரியே இருந்தாரு” என்றாள்.

மில்லில் வேலை செய்கிற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனார். ஐயா கை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னார், அவ்வளவுதான். சன்னலில் நின்றவர் ஒருவர், “சாமி, பேய் பூட்ச்சா?” என்றார். “வீட்டுக்குப் போங்கய்யா” என்றார் ஐயா.

பிறகு என்ன ஆனது? தானியேலுக்கு வேலை போயிற்று. மீஞ்சூரில் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். சபையில் பல பெஞ்சுகள் காலியாயின. எங்களோடு பேசுவதை நிறுத்தியவர்கள் உண்டு. சுகந்தி ஒரே நாளில் தெளிந்துவிட்டாள் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். ஐயா அவளைத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து அழைத்துப் போய் வந்தார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். சங்கு ஊதினால் கை நடுங்குவது மாதக்கணக்கில் இருந்தது. ஆனால் அந்தக் குரல் திரும்ப வரவில்லை. மேஸ்திரி பின்னால் மில் ஆபீஸிலும் போய் உண்மையைச் சொன்னார். காண்ட்ராக்ட் கைவிட்டுப் போனது. அவர் ஆட்களில் பெரும்பாலோர் வேறு மேஸ்திரியிடம் சேர்ந்தார்கள், சிலர் கொஞ்ச காலம் கஷ்டப்பட்டார்கள். ஆனால் ஆபீஸுக்குப் போகும் முன்னால் அவர் வேறோரிடத்துக்குப் போனார். அன்று நான் அங்கே இருந்தேன்.

மழை பெய்த பிற்பகல். அன்னம்மா அக்காவும் நானும் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். சபையில் மருமகள் சொன்னதைக் கேட்ட பிறகும் அக்கா யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நம்பினாளா, இல்லையா என்று எனக்கே தெரியாது. மேஸ்திரி வண்டி இல்லாமல் நடந்து வந்து தெருவில் நின்றார். குடையும் இல்லை.

“அக்கா” என்றார்.

அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, பிரபு அன்னிக்குக் குடிக்கல. நாந்தான் நிக்க வெச்சேன். நாந்தான் பொய் சொன்னேன்.”

அக்காவின் கை நின்றது. “இன்னொரு தபா சொல்லு.”

“பிரபு குடிக்கலக்கா.”

“தெருவுக்குக் கேக்கறாப்புல சொல்லு.”

அவர் திரும்பினார். ஊருக்கெல்லாம் வேலை கொடுத்த மனிதர், மழையில் அந்தத் தெரு நடுவில் நின்று உரக்கச் சொன்னார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டுக் கதவும். திறந்தவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னார்.

அன்னம்மா அக்கா அழுதாள். கல்லறையில் அழாத அழுகை. “என் நைனா, என் நைனா” என்று மார்பில் அடித்துக்கொண்டு, மடியிலிருந்த கீரையெல்லாம் சிதற அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

சுகந்தி உள்ளேயிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்களைத் தாண்டிப் படியில் இறங்கி, அவரிடம் நீட்டினாள்.

“மழையில நிக்காதீங்கண்ணே. உள்ள வாங்க.”

அன்னம்மா அக்கா அழுதுகொண்டே கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.